பேக்கரி மாமாவின் சேவைப் பதிவு

“…மத்ததெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. சிவப்பு மையில ஏதாவது எழுதியிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்.”

சொல்லிக்கொண்டே அந்த அக்கா என் கடையின் கண்ணாடிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். சாத்தியது போதாமல் கையால் ஒரு தடவை தள்ளியும் பார்த்துக்கொண்டார். பிறகு மேசைக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு பழுப்புக் கடித உறையை எடுத்தார். உறையோடு பத்துப் பன்னிரண்டு அரிசி மணிகளும் மேசையில் விழுந்தன.

“அரிசி வாளிக்குள்ள வச்சிருந்தேன்,” என்றார். “ஒரு மாசமா. எங்க வீட்டுல என்னைத் தவிர யாரும் அதுக்குள்ள கை விட மாட்டாங்க.”

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் தெருவில் என் கடை. முழுக் கடை இல்லை, பாதிக் கடை. சொந்தக்காரர் நடுவில் பலகை அடித்து ஒரு பாதியை எனக்கும், மறு பாதியை ஒரு தையல்காரருக்கும் கொடுத்திருக்கிறார். பலகை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கூரை வரைக்கும் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நடுவில் தொங்கும் ஒரே டியூப் லைட் இரண்டு பேருக்கும் வெளிச்சம் போடுகிறது. தையல்காரருடைய ரேடியோவில் நான் செய்தி கேட்கிறேன், என்னிடம் வருகிறவர்களுடைய கதையை அவர் கேட்கிறார்.

போட்டோ கொப்பி எடுப்பேன், படிவம் நிரப்புவேன், சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் சொல்வேன். தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிங்களம் படித்தது பஸ் போர்டுகளில். இங்கிலீஷ் படித்தது படிவங்களில். அதனால் என் இங்கிலீஷில் ஒரு நல்ல வார்த்தை பேச வராது, ‘கீழே கையொப்பமிட்டவர்’ மட்டும் பிரமாதமாக வரும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மை பரவிக் கெட்டுப்போன தாள்களை நான் எறிவதில்லை. வருகிறவர்கள் சொல்வதை அவற்றின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பார்த்து ஒரு பெரியவர், “இந்த ஆளு வந்து தண்ணி கேட்டா நானே கதவத் தொறக்க மாட்டேன்” என்றார். தொழில் என்ன போட என்று கேட்டதற்கு ஒரு தோட்டத்து அம்மா, “ஓய்வில்லன்னு போடுங்க” என்றார். இதையெல்லாம் படித்தவர்கள் எழுதிவைக்க மாட்டார்கள், நான்தான் எழுத வேண்டும் என்று ஒரு நினைப்பு எனக்கு. அந்த அக்கா சொன்னதும் அப்படி மூன்று தாளில் என்னிடம் இருக்கிறது.

“தனியாவா அக்கா வந்தீங்க?” என்று கேட்டேன். எழுபதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. அவர் சொன்ன தோட்டம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

“பக்கத்து வீட்டு மதினி வந்திருக்கா. ரெண்டு பேருக்கும் இன்னிக்கு ஆஸ்பத்திரி கிளினிக். அவகிட்ட ஐடென்டி காட் கொப்பி அடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ ரவிக்கை தைக்கக் குடுத்தத வாங்கப் போயிட்டா. வர்றதுக்குள்ள முடிச்சிருங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனா நீங்க மெதுவாவே பேசுங்க.”

காது மந்தமானவருக்கு மெதுவாகப் பேசுவது எப்படி என்று எந்தப் படிவத்திலும் நான் படித்ததில்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.

உறையைப் பிரித்தேன். ஆமியின் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், அதன் கீழே ஐந்தாறு தாள். பீரங்கிப் படையில் இருந்த ஒருவருடைய சேவைப் பதிவு. சேர்ந்த நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும். கட்டங்களுக்கு இங்கிலீஷில் தலைப்பு, உள்ளே சிங்களத்தில் கையெழுத்து.

“யாரு அக்கா இது?”

“என் தம்பி.” பிறகு பலகைச் சுவரையும் கதவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “எங்க லயத்துல அவனுக்கு பேக்கரி மாமான்னு பேரு,” என்றார்.

அவர் விட்டு விட்டுச் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பி இளவயதில் தோட்டத்திலிருந்து முட்டைக்கோவா மூட்டை ஏற்றிய லொறியில் தியத்தலாவைக்குப் போனவர். இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டிய ஆள் திரும்பவில்லை. அங்கே ஆமிக்கு ஆள் எடுத்தார்கள், வரிசையில் நின்றார், எடுத்துக்கொண்டார்கள். சண்டை எல்லாம் தொடங்குவதற்கு முந்திய காலம். அப்பாவுக்கு ஏற்கெனவே பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் பத்திரத்தில் தடை ஒன்றும் வரவில்லை. வீட்டில்தான் தடை. “கொழுந்து மலைய விட்டுட்டு துவக்குத் தூக்கப் போனான்னு நான் வெளிய சொல்ல மாட்டேன். கொழும்புல பாண் சுடப் போயிட்டான்னு சொல்லிக்கங்க,” என்று அப்பா முடித்துவிட்டார். கோபத்தில் சொன்ன பேக்கரி அது. பின்னால் காலம் கெட்டது. தோட்டத்தில் ஒரு தமிழ் வீட்டில் ஆமிக்காரன் இருக்கிறான் என்றால் எந்தப் பக்கத்துக்குப் பயப்படுவது என்றே தெரியாத வருஷங்கள். கோபத்தில் கட்டிய பேக்கரியைப் பயத்தில் காப்பாற்றிக்கொண்டார்கள்.

தம்பியும் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொண்டார். லீவில் வரும்போதெல்லாம் சாதாரண உடுப்பு, கையில் ஒரு பை நிறைய பனிஸ். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்று ஒன்று. அதனால் பேக்கரி மாமா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷத்துக்குக் கிட்டப் படையில் இருந்து, வடக்கில் நடந்த ஒரு சண்டையில் இல்லாமல் போனார். உடல் வரவில்லை. இரண்டு ஆமிக்காரர்கள் ஜீப்பில் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, துரையின் அறையில் வைத்து அக்காவிடம் ‘காணாமல் போயிட்டார்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா லயத்துக்குத் திரும்பி வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, தம்பி வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று சொன்னார்.

“எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப ஒரு நாளு கோபத்துல சொல்லிட்டாரு தம்பி. ‘காணாமப் போறதுன்னா என்ன, ஓடிப்போயிருப்பான்’னு. அவரு போயே பத்து வருசம் ஆச்சு, அந்தச் சொல்லு போகல.”

இப்போது பிரச்சினை மகளால் வந்தது. மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர்களுக்குப் புது வீடு கிடைத்து லயத்தை விட்டு வந்தாயிற்று. வருகிற கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா பாட்டியின் கல்லறைக் கல்லில் மாமாவின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும், ‘பீரங்கிப் படை வீரர்’ என்று போட வேண்டும், சும்மா எத்தனை நாளைக்கு ஒளிப்பது என்று மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டார். பதிவைக் கேட்டு எழுதிப் போட்டதும் மகள்தான். வந்த கடிதம் அக்காவின் கையில் அகப்பட்டு அரிசி வாளிக்குள் போனது.

“மகளுக்கு முன்னாடி நான் தெரிஞ்சுக்கணும். ஓடிப்போனவன் பேர எங்கப்பா தலைமாட்டுல எழுத முடியாது. ஆனா பாருங்க தம்பி, ஓடியிருந்தா எங்கயாச்சும் உசிரோட இருப்பான்ல? அந்த ஆசையும் இருக்கு. மாதா கோயில்ல முழங்கால்ல நின்னப்ப எதக் கேக்குறதுன்னு தெரியாம ரெண்டையும் கேட்டுட்டேன்.”

“சரி, அது என்ன சிவப்பு மை?”

“எங்க தோட்டத்துல சொல்லாம கொள்ளாம ஓடிப்போனவன் பேருக்கு மேல கணக்கப்பிள்ளை சிவப்பு மையில கோடு போடுவாரு. ஆமியிலயும் அப்பிடித்தானே இருக்கும்?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆமியிலும் கெட்டதைச் சிவப்பில் எழுதும் வழக்கம் உண்டு என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் போட்டோ கொப்பிக்காரன். தாளைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, இது கொப்பி. கறுப்பு வெள்ளை. இதுல சிவப்பும் கறுப்பாத்தான் விழுந்திருக்கும்.”

“அப்ப சிவப்பு எங்க போச்சு?”

“மெஷின் தின்னுருச்சு.”

அக்கா என் மெஷினைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதுதான் தின்றது போல.

“அப்ப என்ன செய்யிறது?”

“முழுசா வாசிக்கிறதுதான் வழி.”

அவர் ஸ்டூலை இழுத்து, வலது காதை என் பக்கம் கொடுத்து உட்கார்ந்தார். “வாசிங்க. மெதுவா.”

மெதுவாகத்தான் தொடங்கினேன். இரண்டு வரிக்கு ஒரு தடவை “ஆங்?” என்பார். நான் சத்தத்தைக் கூட்டுவேன். அடுத்த “ஆங்?” வரும்.

முதல் தாளில் உயரம், நெஞ்சளவு, மதம். உடம்பில் அடையாளம்: வலது முழங்காலுக்குக் கீழே வெட்டுத் தழும்பு.

“கவ்வாத்துக் கத்தி!” என்றார் உடனே. “தேயிலைச் செடிய வெட்டச் சொன்னா காலை வெட்டிக்கிட்டான். அதையுமா எழுதி வச்சிருக்காங்க? நல்லா பாத்திருக்காங்க என் தம்பிய.”

அந்த இடத்தில் அவருக்குப் பயம் கொஞ்சம் விட்டது. ஒரு வீட்டுப் பிள்ளையின் தழும்பை எழுதி வைத்தவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார் போல. அடுத்த தாளில் பதவிகள். கன்னராகச் சேர்ந்தது, பம்பாடியர் ஆனது, சார்ஜன்ட் ஆனது. ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன்: முதலில் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுக்கிற ஆள், கடைசியில் ஒரு பீரங்கியும் அதன் ஆட்களும் அவர் பொறுப்பு.

“கங்காணி மாதிரியா?”

“ஆமாங்க அக்கா. பீரங்கிக் கங்காணி.”

“எங்கப்பாவுக்குத் தெரியாமப் போச்சே. கங்காணி ஆகணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை, ஆகவே இல்ல.” சிரித்தார்.

மருத்துவத் தாளில், இடது காது கேட்கும் சக்தி குறைவு, காரணம் பீரங்கிச் சத்தம் என்று இருந்தது. அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

“இடது காதா? அதான்! இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான். சம்பாதிக்கிற திமிருன்னு நெனச்சு ஒருக்கா வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். சிரிச்சுக்கிட்டே இருந்தான் பாவி. அதுவும் கேக்கல போல.”

அடுத்த தாளைப் புரட்டினேன். நடத்தைத் தாள். மேலிருந்து கீழ் வரை வெறுமையாக இருந்தது, நடுவில் ஒரே ஒரு பதிவைத் தவிர. மனதுக்குள் முதலில் வாசித்தேன். ‘அனுமதியின்றி முகாமுக்கு வெளியே இருந்தமை’ என்று இருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டார். “சிவப்பா?”

“கறுப்பாத்தான் தெரியுது அக்கா.”

“சிவப்புத்தான் அது. வாசிங்க.”

வாசித்தேன். லீவு முடிந்து வரவேண்டிய நாளில் வரவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவசரமாக அடுத்த வரிக்குப் போனேன். நாலு நாள் கழித்துத் தானாகத் திரும்பி வந்தார். பதினாலு நாள் முகாமை விட்டு வெளியே போகத் தடை, அந்த நாலு நாளுக்குச் சம்பளம் இல்லை.

“திரும்பி வந்தானா?”

“வந்துட்டாரு. இது கடைசியில நடந்தது இல்ல அக்கா, ரொம்ப முந்தி.” வருஷத்தையும் மாதத்தையும் சொன்னேன்.

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். மகள் வயிற்றில் இருந்த வருஷம். ஊவாவில் இருக்கிறவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டுக்கு ஒரு தடவை மலையிலிருந்து இறங்கும், கூரையில் எது பலமில்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அந்த வருஷம் அக்கா குடியிருந்த காம்பரா அறைக்கு மேல் இருந்த தகரத்தை உருவிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுத் தகரத்தையும். தம்பி அப்போது லீவில் வந்திருந்தார், மறுநாள் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. கீழ் ஆற்றில் கிடந்த தகரத்தைத் தேடிக் கொண்டுவந்து, கயிறும் கம்பியும் வைத்துக் கட்டினார்.

“‘உனக்கு வேலைக்குப் போக வேணாமா’ன்னு கேட்டேன் தம்பி. ‘மொதலாளி நாலு நாளு பேக்கரிய மூடிட்டாரு அக்கா’ன்னான். என்கிட்டயே பேக்கரி!” அக்காவின் குரல் ஏறியது. மெதுவாகப் பேச வேண்டும் என்பதை அவரே மறந்துவிட்டார். “என் வீட்டுக் கூரைக்கா அவனுக்கு நாலு பேர் போச்சு?”

பேர் என்றால் எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வேலை செய்தால் ஒரு பேர். இருபது வருஷச் சேவையில் பேக்கரி மாமாவுக்கு இல்லாமல் போனது அந்த நாலு பேர்தான்.

கடைசித் தாள் விசாரணையின் முடிவு. இதை நான் அவசரப்படாமல் வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாக. இரவில் அவர்கள் இருந்த இடம் சுற்றி வளைக்கப்பட்டது. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. சார்ஜன்ட் தன் ஆட்களைக் காயப்பட்ட ஒருவரோடு முதலில் அனுப்பினார். பீரங்கியை இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி அதன் பாகத்தைக் கழற்ற வேண்டும், அதைச் செய்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொன்னதாகத் திரும்பி வந்த இரண்டு பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர் வரவில்லை. கடமையில் இருக்கும்போது காணாமல் போனார், இறந்ததாகக் கொள்ளப்படுகிறார்.

தாளைக் கீழே வைத்தேன். “ஓடல அக்கா,” என்றேன்.

“ஓடல,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அப்ப அவன் இல்ல,” என்றார். 

முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். நான் மேசையில் கிடந்த அரிசி மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“அவன் சின்னதுலயே அப்பிடித்தான்,” என்றார் அக்கா. “எல்லாரும் கோயிலுக்குக் கெளம்பி வெளிய வந்து நிப்போம். இவன் மட்டும் திரும்ப உள்ள போவான். அடுப்புல தண்ணி தெளிச்சுட்டுத்தான் வருவான். பூசைக்கு நேரமாச்சுன்னு அம்மா கத்துவாங்க. கடைசியா வர்றது எப்பவும் அவன்தான்.”

பக்கத்தில் தையல் மெஷின் ஓடுவது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“தம்பி…” என்று பலகைக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “அந்தத் தகரம் கட்டுன நாலு நாளு இருக்கே, அத இன்னொருக்கா வாசிங்க. இங்க மெஷின் ஓடுனதுல சரியா விழல.”

அக்காவின் கை உறையின் மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பலகைக்கு மேலே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பதுளையில் எத்தனையோ தையல்காரர்கள். எந்தத் தையல் கடை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு மதினி உள்ளே வந்தார். அவருக்கும் எழுபது இருக்கும். கையில் புது ரவிக்கை, நெற்றியில் திருநீறு. அவர் உள்ளே வந்ததும் கதவு தானாகத் திரும்பிச் சாத்திக்கொண்டது.

“நீ எவ்வளவு நேரமா அங்க இருக்க?” என்றார் அக்கா.

“நீங்க கதவச் சாத்துனதுல இருந்து. ஐடென்டி காட் கொப்பிக்கு எதுக்கு மதினி கதவச் சாத்தணும்?”

“அப்ப எல்லாத்தையும் கேட்டுட்டியா?”

“இன்னிக்கா கேட்டேன்? நாப்பது வருசமா கேக்குறேன். நம்ம லயத்துச் சுவரு என்னைக்கு மதினி கூரையத் தொட்டுச்சு?”

லயத்தில் பிறந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். நடுவில் இருக்கிற சுவர் கூரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். எங்கள் லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இருமல் என்பது அந்த வீட்டு அப்பாவுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா, சுவருக்கு இந்தப் பக்கம் குசுகுசுவென்று பேசினால் அந்தப் பக்கம் போகாது என்று நாற்பது வருஷம் நம்பியிருக்கிறார். நான் சிரிக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நானும் பலகையை மறந்துவிட்டுத்தான் வாசித்தேன்.

“லயத்துல எல்லாருக்கும் தெரியுமா?”

“பேக்கரியாம் பேக்கரி!” என்றார் மதினி. பலகையில் சாய்ந்து நின்றுகொண்டார். “கொழும்புல சுட்ட பனிஸ், பதுளைக் கடைப் பேப்பர்ல சுத்தி எப்பிடி வரும்? மாவு பெசையிறவன் போர்வையப் பொட்டி மாதிரி சதுரமா மடிச்சு வைப்பானா? காது செவிடாச்சே, பேக்கரியில மாவு வெடிச்சுச்சா?”

பலகைக்கு அந்தப் பக்கம் தையல்காரர் இருமுவது போலச் சிரித்தார்.

“கட்டுனாரே ஒரு கட்டு, எங்க வீட்டுத் தகரத்துக்கும் சேத்து! புது வீட்டுக்குப் போறப்ப எங்க மகன் அவுக்கப் பாத்தான், முடியல. கத்தி வச்சுத்தான் அறுத்தான். பாண் கட்டுற கயிறுல அப்பிடி முடிச்சுப் போடுவாங்களா?”

“தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்க சொல்லல. நீங்க சொல்லாதத நாங்க எப்பிடிக் கேக்குறது?” மதினி இப்போது விளையாட்டை விட்டுவிட்டார். “எங்க பிள்ளைங்களுக்கும் அதையேதான் சொல்லி வச்சிருந்தோம். யாரு வந்து விசாரிச்சாலும் பேக்கரின்னு சொல்லணும்னு. சின்னவன் ஒருக்கா வாய்தவறி ஆமின்னு ஆரம்பிச்சான், எங்க வீட்டுக்காரரு போட்டாரு ஒரு அறை.”

அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜீப்பு வந்துட்டுப் போன அன்னிக்கு,” என்று தொடங்கி மதினி நிறுத்திக்கொண்டார்.

“அன்னிக்கு என்ன?”

“அன்னிக்கு நாங்க சோறு கொண்டாந்தோம்ல.”

“மூணு நாளு கொண்டாந்தீங்க. எனக்குக் காய்ச்சல்னு.” சொன்ன அக்கா அதோடு நிறுத்தினார். நெற்றி மெல்லச் சுருங்கியது. “எனக்குக் காய்ச்சல்னு நான் யாருகிட்டயும் சொல்லலயே.”

“நீங்க சொல்லல. நாங்கதான் சொன்னோம்.”

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரிய விடமாட்டார்கள் எங்கள் பக்கத்தில். அக்கம் பக்கத்தில் இருந்துதான் சோறு வரும். சாவு என்று சொல்ல முடியாத சாவு அது. சொல்லாத சாவுக்கு எப்படிச் சோறு கொண்டுபோவது என்று அந்த லயத்துப் பெண்கள் யோசித்து, ஒரு காய்ச்சலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதல் நாள் ஒரு வீட்டிலிருந்து, இரண்டாம் நாள் இன்னொரு வீட்டிலிருந்து. முறை தவறாமல் மூன்று நாள். அக்கா அதைச் சாப்பிட்டும் இருக்கிறார், தன் தம்பிக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்தும் இருக்கிறார்.

“நெத்தியில தொட்டுப் பாத்தியேடி,” என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துகொண்டிருந்தது. “தொட்டுப் பாத்து, ‘ஆமா, கொதிக்குது’ன்னியே.”

“கொதிக்கத்தான் செஞ்சுச்சு.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். நான் தையல்காரருக்கும் சேர்த்து நாலு தேத்தண்ணி சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குக் கதவைத் திறக்க வேண்டுமே என்று பேசாமல் இருந்தேன்.

அக்காதான் கடைசியில் கேட்டார். “அவன் ஓடிப்போயிட்டான்னு லயத்துல யாராச்சும் பேசுனாங்களா?”

“உங்க வீட்டுக்காரரு ஒரு நாளு கத்துனாரு, எல்லாருக்கும் கேட்டுச்சு. யாரும் நம்பல. எங்க வீட்டுத் தகரத்த அப்பிடியே போட்டுட்டுப் போக மனசு வராத மனுசன். அவரு எங்க ஓடுறது?” மதினி ரவிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். “கல்லுல பேரு எழுதுறீங்கன்னா அடியில பேக்கரி மாமான்னும் போடச் சொல்லுங்க. இல்லாட்டி எங்க பிள்ளைங்களுக்கு யாருன்னு தெரியாது.”

அக்கா தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் என் பக்கம் தள்ளினார்.

“இன்னொரு தடவ வாசிங்க தம்பி. இவளுக்கு அந்த நாலு நாளு சரியா விழலையாம்.”

“எப்பிடி அக்கா, மெதுவாவா?” என்று கேட்டேன்.

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து போய்க் கண்ணாடிக் கதவை முழுசாகத் திறந்தார். அது திரும்பிச் சாத்த வந்தது. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வந்து வலது காதை என் பக்கம் வைத்து நின்றார்.